ஜூஜுவாடியா, அத்திப்பள்ளியா? எல்லை தாண்டினால் தட்டில் என்ன மாறும், பில்லில் என்ன மாறும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. ஓசூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடும். "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" இந்தப் பக்கம்னா ஓசூர், ஜூஜுவாடி. அந்தப் பக்கம்னா அத்திப்பள்ளி. கொஞ்சம் தெம்பும் பெட்ரோலும் இருந்தா சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும். ஜூஜுவாடியில் இருந்து அத்திப்பள்ளிக்கு பைக்கில் சில நிமிஷம்தான். ஆனா நடுவில் இருப்பது ஒரு மாநில எல்லை.

பிரியாணி சாப்பிடப் போவதே வெளிமாநிலப் பயணமாகிற ஊர்கள் தமிழ்நாட்டில் ரொம்ப இல்லை. இந்த எல்லையைத் தாண்டும்போது ருசி மாறுவது எல்லாருக்கும் தெரியும். விதியும் மாறுது என்பது பல பேருக்குத் தெரியாது. ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ளும் மயோனைஸ், கோபி மஞ்சூரியனின் சிவப்பு, பில்லில் போகும் வரி, கூடவே கிடைக்கும் பீர் என எல்லாத்துக்கும் இரண்டு பக்கமும் வேற வேற உத்தரவு இருக்கு. வயிறு கெட்டுப்போனால் யாரிடம் புகார் கொடுப்பது என்பதும் இதில் சேர்ந்ததுதான். விரிவாகப் பார்க்கலாம்.

ஜூஜுவாடி: சாப்பாட்டுக்கும் எல்லைக்கும் என்ன சம்பந்தம்?

பெங்களூருவில் இருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 44, அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் தொடும் முதல் ஊர் ஜூஜுவாடி. இன்றைக்கு இது 2019-ல் மாநகராட்சியான ஓசூருக்குள்ளேயே வருகிறது. செய்தியில் இந்தப் பெயர் அடிபடுவது பெரும்பாலும் இரண்டே காரணத்துக்குத்தான். ஒன்று சோதனைச்சாவடி, இன்னொன்று காவிரி. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது தமிழ்நாட்டு பஸ்கள் எல்லையோடு நின்றுவிட்டன. பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நடந்தே எல்லையைத் தாண்டினார்கள். 2020 ஊரடங்கில் இ-பாஸ் கேட்டார்கள். அத்திப்பள்ளி என்பது வேற மாநிலம் என்பதே எங்க தெருவில் பாதிப் பேருக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த ஊரின் சாப்பாட்டுக் கடைகள் முதலில் லாரிக்காரர்களை நம்பி இருந்தவை. எல்லையில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் லாரிகள் வரிசையில் நிற்கும். டிரைவர் பேப்பரைக் காட்டிவிட்டு வருவதற்குள் கிளீனர் பரோட்டா சொல்லியிருப்பார். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிச் சாவடிகள் மூடப்பட்டன. அதன்பிறகு இந்தக் கடைகளைத் தாங்கிப் பிடிப்பது ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்களும், சம்பளம் வந்த வாரத்தில் குடும்பத்தோடு வருபவர்களும்தான். சிப்காட் வந்த பிறகு டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எனத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்து, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்து நாக்கும் இங்கே வந்து சேர்ந்தது. மதுரைக்காரருக்குக் கறிதோசை வேணும். தஞ்சாவூர்க்காரருக்கு சாம்பாரில் துளி வெல்லம் இருந்தாலே கோபம். இப்போ ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் பிள்ளைகளும் வந்துவிட்டதால் தள்ளுவண்டியில் மோமோவும் லிட்டியும் தெரிகிறது.

தொன்னையும் டொன்னேயும்

ருசியில் பெரிய சண்டை பிரியாணிக்குத்தான்.

ஓசூரில் பிரியாணி என்றால் மனசுக்குள் ஓடுவது ஆம்பூர், வாணியம்பாடி வகை. சீரகசம்பா அரிசி, அடக்கமான மசாலா, பக்கத்தில் கத்திரிக்காய், தயிர் வெங்காயம். கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில்தான் ஆம்பூர் இருக்கு என்பதால், இந்த வகை இங்கே வந்ததில் ஆச்சரியம் இல்லை. பெங்களூருவின் 'டொன்னே பிரியாணி' வேற கதை. புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் அரைத்துப் போடுவதால் பச்சை நிறம். வாழைமட்டையிலோ இலையிலோ செய்த கிண்ணத்தில் கொடுப்பார்கள். அந்தக் கிண்ணத்துக்குத்தான் கன்னடத்தில் டொன்னே என்று பெயர். நம்ம கோயிலில் பொங்கல் வாங்கும் தொன்னையேதான் அது. தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. ஒரே சொல் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கு. நாம் அதில் பிரசாதம் வைத்தோம், அவர்கள் மட்டன் வைத்தார்கள்.

இந்த பிரியாணி பெரும்பாலும் 'மிலிட்டரி ஹோட்டல்' என்று பலகை வைத்த கடைகளில் கிடைக்கும். ராணுவத்துக்குச் சம்பந்தம் இருக்கோ இல்லையோ, அந்தப் பலகை இருந்தால் அசைவம் என்று அர்த்தம். தலைமுறை தாண்டிய கடைகள் பெங்களூருவில் இருக்கின்றன. இதோடு ஹொஸ்கோட்டேவின் விடியற்காலை பிரியாணியையும் சேர்த்துக்கொள்ளணும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாடியே அங்கே வரிசை நிற்கும். ஓசூரில் இருந்து நைட் ஷிப்ட் முடித்து நேரா அங்கே போகிற பசங்களை எனக்குத் தெரியும். நாலு மணிக்கு பிரியாணி சாப்பிட்டு வந்து எட்டு மணிக்குத் தூங்குவார்கள். அம்மாக்களுக்கு மட்டும் இது புரியவே புரியாது.

இன்னொரு சொல் விளையாட்டு ராகியில் இருக்கு. தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. நாம் 'களி' என்பதைக் கன்னடக்காரர் 'முத்தே' என்பார், தெலுங்குக்காரர் 'சங்கடி' என்பார். மூன்றும் பேசுபவர்கள் இந்தப் பகுதியில் பக்கத்து பக்கத்து வீட்டில் இருப்பதால், ஒரே உருண்டைக்கு ஒரே தெருவில் மூன்று பெயர். எங்க பாட்டி காலத்தில் அரிசி வாங்க வசதி இல்லாத நாளுக்கு இது சாப்பாடு. இப்போ 'முத்தே, நாட்டுக்கோழி சாறு' என்று போர்டு போட்டு, சாதாரண மீல்ஸைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். பாட்டியைக் கூட்டிப்போனால் பில்லைப் பார்த்துவிட்டுச் சாப்பிடவே மாட்டார்.

டிபன் பக்கம் பெங்களூருவின் செல்வாக்கு அதிகம். தட்டு அளவில் வரும் தட்டே இட்லி, வெண்ணெய் ஊற்றிய பென்னே தோசை, கேசரியும் காரா பாத்தும் சேர்ந்த சௌசௌ பாத் எல்லாம் ஓசூருக்குள்ளேயே வந்தாச்சு. நின்றுகொண்டே சாப்பிடும் 'தர்ஷினி' வகைக் கடைகள் 1980-களில் பெங்களூருவில் பரவியவை. உட்கார மேஜை இல்லை, சர்வர் இல்லை, அதனால் விலை குறைவு. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுக்கும் 'பை டூ'வும் அங்கிருந்து வந்த வழக்கம்தான். ஓசூரில் 'பை டூ' என்று சொன்னால் புரியும். திருச்சியில் சொல்லிப் பார்த்தேன், இரண்டு காபி கொண்டுவந்து வைத்தார்கள்.

பில்லில் என்ன மாறும்?

மொத்தத் தொகை மாறாது. போய்ச் சேரும் இடம் மாறும்.

உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2017 ஜூலையில் வந்தபோது ஏசி இல்லாத கடைக்கு 12, ஏசி கடைக்கு 18 என்று இருந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டையும் 5 ஆக்கினார்கள். விலை உயர்ந்த நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்கள் தனிக் கணக்கு. நாம் போகும் கடைக்கு 5 தான்.

400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 20 ரூபாய் வரி. அதில் 10 மத்திய அரசுக்கு, 10 மாநில அரசுக்கு. எந்த மாநிலம்? சாப்பிட்ட கடை எங்கே இருக்கோ அந்த மாநிலம். நம்ம வீடு ஓசூரில் இருந்தாலும் அத்திப்பள்ளியில் சாப்பிட்டால் அந்த 10 ரூபாய் கர்நாடக அரசுக்குப் போகும். பில்லைப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். கடையின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா.

இன்னொன்றையும் கவனிக்கணும். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் உணவகங்கள் 'காம்போசிஷன்' என்ற எளிய முறையில் சேரலாம். அப்படிச் சேர்ந்த கடை, வரியைத் தன் கையில் இருந்து கட்டணும். வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. பில்லிலேயே 'வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர்' என்று எழுதியும் இருக்கணும். அப்படி எழுதிவிட்டு அடியில் 5 சதவீதம் சேர்த்திருந்தால் தாராளமாகக் கேட்கலாம். ஜிஎஸ்டி எண்ணே இல்லாத பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தாலும் அதே கேள்விதான்.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். இது வரி இல்லை. கடைக்காரர் தானாகச் சேர்ப்பது. இதைத் தானாகவோ கட்டாயமாகவோ பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் நீதிமன்றம் போக, அந்த மாதமே இடைக்காலத் தடை வந்தது. கடைசியில் 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. டிப்ஸ் கொடுப்பது நம்ம இஷ்டம்.

போன வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில், பெயர் வேண்டாம், எங்க குடும்பம் ஆறு பேர் சாப்பிட்ட பில்லில் 10 சதவீதம் சேர்த்திருந்தார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. "ஊர் விட்டு ஊர் வந்து சண்டை போடணுமா?" என்றார். அந்தத் தயக்கம்தான் இந்த எல்லையில் பல கடைகளுக்கு வசதி. நான் கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டு வேற பில் கொடுத்தார்கள்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் சட்டம் நம்ம பக்கம் இல்லை. உட்கார்ந்து சாப்பிடும் உணவகம், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்டிக்கடைக்கு அந்த உரிமை கிடையாது.

மயோனைஸ்: ஒரே ஷவர்மா, இரண்டு சட்டம்

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான்.

என் பெரியம்மா பையன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஷவர்மா சாப்பிட்டான். ஞாயிறு விடியும்போது வாந்தி, பேதி, காய்ச்சல். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலைக்குப் போக முடியவில்லை. ஷவர்மா 100 ரூபாய் சொச்சம். போனது மூன்று நாள் சம்பளமும், அந்த மாச 'அட்டெண்டன்ஸ் போனஸ்' என்று கொடுக்கும் தொகையும்.

இஎஸ்ஐ இல்லையா என்று கேட்கலாம். இருக்கு. மாதச் சம்பளம் 21 ஆயிரம் ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு இஎஸ்ஐ பொருந்தும். ஓசூரில் இஎஸ்ஐ மருத்துவமனையும் இருக்கு. மருத்துவச் செலவு போக, உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனா அதில் ஒரு நுணுக்கம் இருக்கு. நோய்வாய்ப்பட்ட முதல் இரண்டு நாளுக்கு இந்தப் பணம் கிடையாது. அதைக் 'காத்திருப்புக் காலம்' என்கிறார்கள். சாப்பாட்டால் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதாவது சட்டம் பணம் கொடுக்க ஆரம்பிக்கும்போது இந்த நோய் முடிந்துவிடும். அவனுக்கு ஒரு நாளுக்குரிய பணம்தான் கணக்கில் வந்தது. அதற்கும் டாக்டர் சான்றிதழோடு அலையணும் என்று விட்டுவிட்டான்.

ஷவர்மாவில் என்ன கெடும்? இரண்டு இடம். ஒன்று இறைச்சி. செங்குத்தாகச் சுழலும் அடுக்கில் வெளிப்பக்கம்தான் வேகும். கூட்டம் அதிகமானால் உள்பக்கம் வேகும் முன்பே சீவிவிடுவார்கள். கூட்டம் இல்லாவிட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். அடுப்பு எரிகிறதே, சூடாத்தானே இருக்கு என்று நமக்குத் தோன்றும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்ததும், அதற்கு முந்தின ஆண்டு கேரளாவின் காசர்கோட்டில் ஒரு மாணவி இறந்ததும் நினைவிருக்கும்.

இரண்டாவது இடம் மயோனைஸ். பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்வது. வேகவைக்கும் வேலையே இல்லை. முட்டையில் சால்மோனெல்லா இருந்தால் அப்படியே வாய்க்குப் போகும். அதனால்தான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்க, சேமிக்க, விற்கத் தடை போட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவில் இப்படித் தடை போட மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் இருக்கு. ஒரு உத்தரவுக்கு ஓராண்டுதான் ஆயுள். அதன்பிறகு வேணும்னா புதிதாக உத்தரவு போடணும். தெலங்கானா 2024 அக்டோபரிலும், கேரளா 2023 ஜனவரியிலும் இதே வேலையைச் செய்தன.

கவனிக்க வேண்டியது, தமிழ்நாட்டு ஆணையரின் உத்தரவு தமிழ்நாட்டு எல்லையோடு முடிந்துவிடும். அந்த ஓராண்டில் ஜூஜுவாடியில் முட்டை மயோனைஸ் கொடுத்த கடை உத்தரவை மீறியது. சில நிமிஷம் தள்ளி அத்திப்பள்ளியில் அதே டப்பாவை வைத்திருந்த கடை இந்த உத்தரவை மீறவில்லை. கிருமிக்கு எல்லை தெரியாது, சட்டத்துக்குத் தெரியும்.

கடையில் எப்படித் தெரிந்துகொள்வது? "முட்டை போட்டதாண்ணா?" என்று கேட்பதுதான் ஒரே வழி. பால், எண்ணெய் அல்லது சோயாவில் செய்யும் முட்டை இல்லாத மயோனைஸும், தொழிற்சாலையில் சூடுபடுத்திப் பதப்படுத்திய முட்டையில் செய்ததும் அந்தத் தடையில் வரவில்லை. பாக்கெட்டைக் காட்டச் சொன்னால் கடைக்காரர் காட்டலாம். திறந்த பக்கெட்டில் இருந்து கரண்டியில் எடுத்து, அந்த பக்கெட் வெயிலில் இருந்தால், எந்த மாநிலமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

கோபி ஏன் அந்தச் சிவப்பில் இல்லை?

இது எதிர்ப்பக்கக் கதை. 2024 மார்ச் 11-ல் கர்நாடக அரசு, கோபி மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் செயற்கை நிறம் சேர்க்கத் தடை விதித்தது. காரணம், மாநிலம் முழுக்க எடுத்த 171 கோபி மாதிரிகளில் 107-ல் பாதுகாப்பில்லாத செயற்கை நிறம் இருந்தது. பஞ்சுமிட்டாயில் 25-க்கு 15. மீறினால் 7 ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும் என்று அரசு எச்சரித்தது. ஜூன் மாதம் கபாப் வகைகளுக்கும் இதே தடை வந்தது.

பெங்களூரு வாழ்க்கையில் கோபி என்பது வெறும் பண்டம் இல்லை. சாயங்கால வண்டிக்கடையின் உயிர்நாடி. அந்தக் கண்ணைப் பறிக்கும் சிவப்பு இல்லாமல் பழுப்பு நிறத்தில் வந்தபோது, "நேத்து சுட்டதா?" என்று கேட்டவர்கள் உண்டு. உண்மையில் மிளகாயும் சோயா சாஸும் சேர்ந்தால் வரும் நிறம் அந்தப் பழுப்புதான்.

அப்படின்னா ஓசூரில் சிவப்பு கோபி சட்டப்படி சரியா? இல்லை. செயற்கை நிறத்தை எந்த உணவில், எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு மத்திய விதி இருக்கு. அது எல்லா மாநிலத்துக்கும் பொது. பஞ்சுமிட்டாயில் கண்டுபிடித்த ரோடமின்-பி, துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். அதை எந்த உணவிலும் சேர்க்கக் கூடாது. தமிழ்நாடும் 2024 பிப்ரவரி 17-ல் அந்தச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது. கர்நாடகா செய்தது, கோபி என்று பெயர் சொல்லி உத்தரவு போட்டது. பெயர் சொல்லிப் போட்டதால் அங்கே சோதனை வந்தது, கடைக்காரருக்குப் பயம் வந்தது.

எண்ணெய்க்கும் ஒரு பொது விதி உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் 'போலார்' பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் இருக்கு. நமக்கு அளக்கும் கருவி இல்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் அந்தக் கடையில் சில்லி சிக்கனுக்குப் பதில் ஆம்லெட் சொல்லிக்கொள்ளலாம்.

'பார் அண்ட் ரெஸ்டாரண்ட்' அந்தப் பக்கம் மட்டும் ஏன்?

சுருக்கமாக: தமிழ்நாட்டில் 2003 முதல் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். தனியாருக்குக் கிளப், நட்சத்திர ஓட்டல் உரிமங்கள்தான். கர்நாடகாவில் தனியார் உணவகத்தோடு சேர்ந்த பாருக்கு உரிமம் கொடுக்கிறார்கள். அதனால்தான் அத்திப்பள்ளியில் குடும்பம் சாப்பிடும் ஹாலுக்கு மாடியிலேயே பார் இருக்கும். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான். அதனால் அது பில்லில் தனியாக வரும். அங்கே வாங்கிய பாட்டிலை வண்டியில் வைத்துக்கொண்டு ஜூஜுவாடிக்குள் வந்தால், 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரலாம். வண்டி ஓட்டுபவர் குடித்திருந்தால் அது வேற வழக்கு, அதற்கு இரண்டு மாநிலமும் ஒன்றுதான்.

கேன்டீன் இருக்கும்போது ஏன் வெளியே?

இதைக் கேட்காத பெரியவர் இல்லை. 250 தொழிலாளிக்கு மேல் இருக்கும் தொழிற்சாலையில் கேன்டீன் கட்டாயம் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் விதி. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 100 ஆக்கியிருக்கு. ஒப்பந்தத் தொழிலாளியும் அந்தக் கணக்கில் வருவார் என்பதுதான் இதில் முக்கியம். சின்ன சின்ன யூனிட்கள் நிறைந்த ஓசூரில் இது பலரைத் தொடும்.

ஆனா கேன்டீன் சாப்பாடு பசிக்கானது. வாரத்தில் ஆறு நாள் ஒரே சாம்பார், ஒரே தட்டு, இருபது நிமிஷத்தில் முடிக்கணும். ஏழாவது நாள் பரோட்டாவும் சால்னாவும் கேட்பது பசி இல்லை. அன்றைக்கு நாம் என்ன சாப்பிடணும் என்பதை நாமே முடிவு செய்கிறோம், இன்னொருவர் கொண்டுவந்து வைக்கிறார். மூன்று ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் குடும்பத்தில் எல்லாரும் ஒரே மேஜையில் உட்காருவதே அன்றைக்குத்தான். எங்க வீட்டில் அப்பாவுக்கு 'சி' ஷிப்ட் வரும் வாரத்தில் ஞாயிறு ராத்திரி சாப்பாடு சாயங்காலம் ஐந்தரைக்கே நடக்கும். கடையில் அப்போதான் தோசைக்கல்லையே கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அளவு பற்றியும் சொல்லணும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். நாட்டின் சராசரி 11.4 சதவீதம் என்றால் தமிழ்நாடு 14.4. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது ஒரு டீஸ்பூன். பரோட்டா, சால்னா, ஊறுகாய், சோடா என்று ஒரு ராத்திரியில் அதைத் தாண்டுவது சுலபம். வாரம் ஒரு நாள் என்றால் பெரிய விஷயம் இல்லை. செயலியில் ஆர்டர் போட ஆரம்பித்த பிறகு வாரம் நாலு நாள் ஆகிவிட்டது என்பதுதான் ஓசூர் அறை வாழ்க்கையில் நான் பார்ப்பது.

வயிறு கெட்டால், பில் தப்பானால், எங்கே போவது?

இரண்டு புகாருக்கும் இரண்டு வழி. எல்லையில் இருப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

உணவின் தரம் பற்றிய புகார் என்றால், கடை எந்த மாநிலத்தில் இருக்கோ அந்த மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகணும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். அத்திப்பள்ளிக் கடைக்கு கிருஷ்ணகிரி அதிகாரி போக முடியாது. அதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் தேசிய எண் 1800 112 100 இருக்கு. புகாரில் கடையின் 14 இலக்க உரிம எண்ணைக் குறிப்பிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். 2022 ஜனவரி முதல் அந்த எண்ணை பில்லிலேயே அச்சிடணும் என்பது விதி. மிச்சம் இருக்கும் சாப்பாட்டைக் கொட்டிவிடாமல் மூடி ஃபிரிட்ஜில் வைப்பது, டாக்டர் சீட்டை பத்திரப்படுத்துவது இரண்டும் உதவும்.

பில் பற்றிய புகாருக்கு முதலில் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். இங்கேதான் ஓசூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கு அலைய வேண்டியிருந்தது. இப்போ அத்திப்பள்ளிக் கடை மேல் இருக்கும் வழக்கையும் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்தில் போட முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டில் இருந்தே பதிவு செய்யலாம்.

இதை என் பெரியம்மா பையனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பில்லு வேணுமா? அந்த வண்டிக்கடையில எவன் பில்லு குடுத்தான்?" ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு அவன் போனில் இருந்தது. தேதி, நேரம், கடைக்காரர் பெயர் மூன்றும் அதில் இருந்தன. பணம் கொடுத்ததற்கு அதை ஆதாரமாகக் காட்டலாம்.